சக்கரையா, சீனியா? நம்ம மடைப்பள்ளிச் சொற்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை, வேலை எல்லாம் முடிஞ்சு ஒரு டீயோட உட்காரும்போது படிங்க.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல். நம்ம மடைப்பள்ளியில் முப்பது வருஷமா நிற்கிற தாத்தாவுக்கு அன்றைக்கு முட்டி வலி, வர முடியலை. போனில் சொல்லித்தான் நடத்தினார். அடுப்பில் நின்றது பத்தொன்பது வயசுத் தம்பி ஒருத்தன். தேசியப் பள்ளியில் படிச்சவன், வீட்டில் பேசுறது பாதித் தமிழ், பாதி மலாய். வந்து மூன்று மாதம்தான் ஆகுது, ஆனா ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை.

தாத்தா போனில் சொன்னது இதுதான்: "அரிசி நல்லாக் குழைஞ்சதும் சக்கரையத் தட்டிப் போட்டுக் கிளறு." தம்பி ஸ்டோர் ரூமுக்குப் போனான். வெள்ளைச் சீனி மூட்டை கண்ணில் பட்டது. நாலு கிலோ அளந்து போட்டுக் கிளறிட்டான்.

பொங்கல் வெள்ளை வெளேர்னு வந்தது. அவனுக்கே சந்தேகம். கேட்க வெட்கம். மடைப்பள்ளியில் நைவேத்தியத்துக்கு முன்னாடி ருசி பார்க்கக் கூடாது, அதனால் வாயில் வச்சும் பார்க்க முடியலை. மணி அடிக்கிற நேரம். குருக்கள் ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் சொல்லாமல் எடுத்துட்டுப் போய்ப் படைச்சுட்டார். அப்புறம் வரிசையில் நின்ற ஒரு அம்மா தொன்னையைப் பார்த்து, "என்னப்பா இது, பால் பொங்கலா? தமிழ்ப் பிள்ளைதானே நீ, சக்கரை எதுன்னு தெரியாதா?"ன்னு கேட்டுட்டாங்க. விளையாட்டாத்தான் கேட்டாங்க. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி வரலை. அதற்கடுத்த வெள்ளியும் வரலை.

தப்பு அவன் மேல இல்லைங்க. இந்தச் சொல்லில் தடுமாறுவது அவன் ஒருத்தன் மட்டுமே இல்லை.

சென்னையில் போய் ஒரு கடையில் "சக்கரை குடுங்க"ன்னு கேட்டா வெள்ளைச் சீனிதான் கொடுப்பாங்க. அங்கே வெல்லத்தை வெல்லம்னு சொன்னாத்தான் வெல்லம் வரும். திருநெல்வேலிப் பக்கம், யாழ்ப்பாணம், நம்ம மலேசியா, சிங்கப்பூர், இங்கெல்லாம் வெள்ளையா இருப்பது சீனி. யாழ்ப்பாணத்துக்காரங்களும் நம்ம தாத்தா மாதிரி பெரியவர்களும் சக்கரைன்னு சொல்றது பழுப்பு நிறத்தில் கட்டியாக இருப்பதை. மலையாளத்திலும் சர்க்கரைன்னா வெல்லம்தான். வெள்ளைச் சீனிக்கு அவங்க பஞ்சசாரைன்னு வேற சொல் வச்சிருக்காங்க. தம்பி பார்க்கிற சமையல் வீடியோ முக்கால்வாசி சென்னை வீடியோ. அதில் "சர்க்கரை ஒரு கப்"னு சொல்லிட்டு வெள்ளையாக் கொட்டுறாங்க. அவன் அதைத்தான் பிடிச்சுக்கிட்டான். "தட்டிப் போடு"ன்னு தாத்தா சொன்னதில் குறிப்பு இருந்தது. சீனியை யாரும் தட்டிப் போட மாட்டாங்க, வெல்லக் கட்டியைத்தான் தட்டணும். ஆனா அந்தக் குறிப்பு புரியணும்னா முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

சொல்லோட வேரைப் பார்த்தா இன்னும் வேடிக்கை. சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதல் பொருள் பொடிக்கல், மணல் பரல். கரும்புச் சாறு காய்ச்சினதும் பரல் பரலா வந்ததால் அதற்கும் அந்தப் பேர். அது மேற்கே போய் அரபியில் சுக்கர் ஆகி, ஆங்கிலத்தில் சுகர் ஆச்சு. தமிழுக்கு ரொம்ப முன்னாலேயே வந்தபோது முன்னாடி இருந்த 'ச' உதிர்ந்து 'அக்காரம்' ஆச்சு. பின்னால் மறுபடி வந்தது சர்க்கரையாகவே நின்னுடுச்சு. சீனி என்ற பேர் சீனாவை ஒட்டி வந்தது. ஆக நாம் பொங்கலில் போடுவது, டீயில் போடுவது இரண்டுக்குமே பேர் கடல் தாண்டியும் மலை தாண்டியும் வந்ததுதான். (நீரிழிவுக்குத் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்னு சொல்றாங்க, நாம இனிப்பு நீர்னு சொல்றோம். அந்த நோய் உள்ளவங்க எந்தச் சக்கரையானாலும் தொன்னையில் பாதியோட நிறுத்திக்கணும், அது வேற விஷயம்.)

அந்த 'அக்காரம்' இன்னும் சாகலை. மார்கழி 27ஆம் நாள், ஜனவரி 11 வாக்கில், பெருமாள் கோயில்களில் கூடாரவல்லி வருமே, அன்றைக்குப் பாலில் வேக வச்சு நெய் வழிய வழியக் கொடுப்பாங்களே அக்காரவடிசில், அதில் இருப்பது இதே அக்காரம்தான். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் பெரிய மிடா. அந்த நேர்ச்சையை ராமானுஜர் பின்னாளில் நிறைவேற்றினார், அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவரை "அண்ணா"ன்னு அழைத்தாள் என்பது வைணவ மரபு. கூடாரவல்லி பாயசம்னு சில பேர் இப்போ நோட்டீஸில் போடுறாங்க. எனக்கு அதில் வருத்தம்தான். அது பாயசம் இல்லைங்க, அடிசில்.

அடிசில் என்றால் சமைத்த சோறு. 'அடு' என்பது பழைய தமிழில் சமைப்பது. அந்த ஒரு வேரிலிருந்து அடுப்பு, அடுக்களை, அட்டில், அடிசில் எல்லாம் முளைச்சது. அட்டில் இப்போ யார் வாயிலும் இல்லை, சிலப்பதிகாரத்தோட நின்னுடுச்சு. அடுக்களையைச் சில பாட்டிமார் இன்னும் சொல்றாங்க. மலையாளிகள் தினமும் சொல்றாங்க. அடுப்பு மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கு. இளசுகள் அதையும் "டப்பூர்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, பரவாயில்லை, நெருப்பு எரிஞ்சா சரி.

இன்னொண்ணு. மடைப்பள்ளி என்ற பேரைக் கேட்டதும் நம்ம சமய வகுப்புப் பிள்ளைகள் "அங்கே என்ன பாடம் நடக்கும்?"னு கேட்குதுங்க. பள்ளின்னா பள்ளிக்கூடம்னு மட்டும்தான் அதுகளுக்குத் தெரியும். பள்ளி என்றால் இடம், அறை, தங்குமிடம். பள்ளியறை, பள்ளிவாசல், எல்லாம் அதே பள்ளிதான். மடை என்றால் சோறு, சமையல், தெய்வத்துக்கு இடுகிற படையல். மணிமேகலையில் ஒருத்தி கற்க வேண்டிய கலைகளின் பட்டியலில் மடைநூலும் வருது, அதாவது சமையல் சாஸ்திரம். மடையன் என்றால் சமையல்காரன். இன்றைக்கு அந்தச் சொல் திட்டாகிப் போச்சு. மடமை உள்ளவன் என்ற பொருளில் வந்த சொல்லும் இதுவும் ஒரே ஒலியில் மோதிக்கிட்டதில் சமையல்காரர் பேர் கெட்டுப் போச்சுன்னு நான் நினைக்கிறேன். ஏரி மடையைத் திறந்து உயிர் விட்டவன்தான் மடையன் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷா வருஷம் மழைக்காலத்தில் சுத்துது. சமையல்காரன் என்ற பொருள் அகராதியிலேயே இருக்கு, அதை அந்தச் செய்தி சொல்றதில்லை.

இப்போ 'கறி' விவகாரத்துக்கு வருவோம். இது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விசேஷ நாளில் அன்னதானப் பலகையில் "வாழைக்காய்க் கறியமுது"ன்னு எழுதி வச்சோம். அரை மணி நேரத்தில் ஆபீசுக்கு இரண்டு போன். "கோயில்ல கறியா?"ன்னு. நல்ல மனசோடதான் கேட்டாங்க. நம்ம ஊரில் கறின்னா கோழிக்கறி, ஆட்டுக்கறி, மீன்கறி. மலாயில் காரி. அதைத் தாண்டி அந்தச் சொல் போறதில்லை. பலகையை அழிச்சு "வாழைக்காய்ப் பொரியல்"னு மாத்திட்டோம். மாத்தினது சரிதான், ஆனா மனசு கேட்கலை.

சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோட வந்து கறியோட திரும்பிப் போகிற காட்சி வருது. அவங்க ஏற்றிப் போனது மிளகு மூட்டை. மிளகு சேர்த்துச் சமைச்ச தொடுகறிக்கும் அந்தப் பேர் வந்தது. காய்கறி, கறிவேப்பிலை, இதிலெல்லாம் இறைச்சி எங்கே இருக்கு? நம்ம கறி போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்தில் கர்ரி ஆச்சு, மலாயில் காரி ஆச்சு. ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்குத் திரும்பி வரும்போது நம்ம ஆளுங்களே அதை மாமிசம்னு சொல்லி வாசலில் நிறுத்திட்டோம்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் ராஜராஜ சோழன் காலத்தில் எழுந்தது. அதன் சுவர்க் கல்வெட்டுகளில் சாமிக்கு எது எது எவ்வளவு என்று கணக்கு எழுதி வச்சிருக்காங்க. நெய்யமுது, பருப்பமுது, கறியமுது, தயிரமுது, வெற்றிலை பாக்குக்கு அடைக்காயமுது. சாமிக்குப் போகிற எதற்கும் வெறும் பேர் கிடையாது, பின்னால் ஒரு அமுது சேர்ந்துக்கும். அளக்கிற மரக்காலுக்குக்கூட ஆடவல்லான்னு நடராஜர் பேர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லில் வெட்டின 'கறியமுது' நம்ம பலகையில் அரை மணி நேரம்கூட நிற்க முடியலை.

வைணவர் வீடுகளிலும் பெருமாள் கோயில்களிலும் இந்த வழக்கம் இன்னும் உயிரோட இருக்கு. ரசம் அவங்களுக்குச் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமையலே தளிகை. காயை நறுக்குறது, வெட்டுறது என்று சொல்ல மாட்டாங்க, "திருத்துறது"ம்பாங்க. சாமிக்குப் போகிற பண்டத்தின் பக்கத்தில் வெட்டு, கொத்து என்ற சொல்லே வரக்கூடாதாம். தாளிக்கிறதுக்குத் திருமாறுவது. தயிர் சாதம் ததியோதனம்: ததி தயிர், ஓதனம் சோறு. நாம ஆசையா வாங்கிச் சாப்பிடுகிற புளியோதரையில் இருப்பதும் அந்த ஓதனம்தான், வாய்க்கு வாய் மாறி ஓதரை ஆயிடுச்சு.

சைவத்தில் இதற்குப் பஞ்சம்னு நினைக்காதீங்க. பெரிய புராணத்தில் இளையான்குடி மாற நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். ராத்திரி, மழை, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை, சிவனடியார் வாசலில் நிற்கிறார். பகலில் விதைச்ச நெல்லை நாயனார் இருட்டில் போய் வாரிட்டு வர்றார். எரிக்க விறகில்லை, கூரையில் இருந்த மரத்தை முறிக்கிறார். இதை நாம் பக்திக் கதையாக் கேட்டிருக்கோம். ஒரு தடவை சமையல் கதையாப் படிச்சுப் பாருங்க.

சேக்கிழார் அந்த அம்மா செய்யும் வேலையை வரிசையாச் சொல்றார். முளைவிட்ட நெல்லைச் சேறு போக நீரில் அலம்புறாங்க. அடுப்பு மூட்டுறாங்க. ஈர நெல்லாச்சே, அப்படியே குத்தினா நசுங்கும். அதனால் பதம் வர முதலில் வறுக்கிறாங்க. பிறகு குத்தி அரிசியாக்கி உலையில் இடுறாங்க. அடிசில் ஆச்சு. அப்புறம்தான் கணவரிடம் கேட்கிறாங்க, கறிக்கு என்ன செய்வது? அவர் புன்செய்யில் இன்னும் நிரம்பாத சின்னப் பயிரைத் தடவித் தடவிப் பறிச்சுட்டு வர்றார். அந்த அம்மா அதை ஆய்ஞ்சு, கழுவி, இருந்த ஒரே கீரையில் கைப்பக்குவத்தால் வேறு வேறு கறியமுது ஆக்குறாங்க.

அலம்பு, வறு, பதம், உலை, ஆய், கறி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதின பாட்டு. நம்ம தாத்தா போன வாரம் போனில் சொன்ன அதே சொற்கள். கீரையை 'ஆயறது'ன்னா என்னன்னு இன்றைக்கு நம்ம பிள்ளைகளைக் கேட்டா முழிப்பாங்க. 'கழுவுறது'தான் தெரியும். ஆயறது என்றால் பழுத்தது, பூச்சி அரிச்சது, தடித்த தண்டு எல்லாம் பார்த்துப் பார்த்து நீக்கி எடுப்பது. 'ஆராய்ச்சி'யில் இருக்கிற அதே ஆய்தான். அலம்புறது வேற, கழுவுறது வேற, களையறது வேற. பாத்திரத்தை நீர் விட்டுச் சுழற்றி ஊத்துறது அலம்பல். அரிசியில் நீர் விட்டுக் கையால் பிசைந்து, கல் தூசி ஒதுங்க நீரை மட்டும் இறுக்கிறது களையறது. அந்தத் தண்ணிக்குக் கழுநீர்னு பேர், மாட்டுக்குப் போகும். நம்ம கோயிலில் மாடு இல்லை, செடிக்கு ஊத்துங்க.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் 'பதம்'. இதைத்தான் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரணும்னு நினைக்கிறேன்.

முன்னாடி சொன்னேனே, மடைப்பள்ளியில் ருசி பார்க்க முடியாதுன்னு. நிவேதனம் என்றால் இறைவனிடம் தெரிவித்துச் சமர்ப்பிப்பது. அது முடிஞ்சு திரும்பி வரும்போதுதான் பிரசாதம், அருளாக வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் நம்ம நாக்குக்கு வேலை கிடையாது. உப்பு போதுமான்னு பார்க்க வழி இல்லை. வீட்டுச் சமையலுக்கும் கோயில் சமையலுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். அதனால் கண்ணும் காதும் விரலும்தான் சமைக்கணும். அதற்கு வேண்டிய சொற்களைப் பெரியவங்க உண்டாக்கி வச்சிருக்காங்க, அந்தச் சொல் தெரியாதவனுக்கு அந்தப் பக்குவம் கண்ணில் படாது.

பாகை எடுத்துக்குங்க. வெல்லத்தைக் கரைச்சு மண் போக வடிகட்டிக் கொதிக்க விட்டா, கட்டை விரல் ஆள்காட்டி விரல் நடுவில் எடுத்துப் பிரிக்கும்போது ஒரு நூல் நிற்கும். அது ஒற்றைக் கம்பி. இன்னும் கொஞ்சம் போனா இரட்டைக் கம்பி. ஒரு சொட்டைத் தண்ணியில் விட்டா கரையாமல் விரலுக்கு மெதுவா உருட்ட வந்தா உருட்டுப் பதம், அதிரசத்துக்கு அதுதான். இன்னும் விட்டா, தண்ணியில் விட்டு எடுத்த உருண்டையைத் தட்டில் போட்டதும் 'டங்'னு சத்தம் கேட்கும், பொரி உருண்டைக்கு அது. அதிரசப் பாகு பொரி உருண்டைப் பதத்துக்குப் போயிடுச்சுன்னா அன்றைக்கு அதிரசம் கல்லு. இதில் எங்கே ருசி வருது? தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கலாமேன்னு கமிட்டியில் ஒரு அண்ணன் கேட்டார். வாங்கலாம். ஆனா அது டங்குனு சொல்லாதே.

வடை, சுகியன் போடும்போது காதைத் திறந்து வச்சுக்கணும். எண்ணெயில் விழுந்ததும் ஒரே சலசலப்பு. மாவில் இருக்கிற தண்ணி ஆவியாப் போற சத்தம் அது. சத்தம் அடங்க அடங்க வெந்துட்டு வருதுன்னு அர்த்தம். தாத்தா திரும்பி நின்னு தேங்காய் துருவிக்கிட்டே "ஓசை அடங்கிடுச்சு, எடு"ன்னு சொல்வார். புளிக்காய்ச்சலுக்குக் காது வேண்டாம், கண் போதும்: எண்ணெய் பிரிஞ்சு ஓரத்தில் மினுமினுன்னு நிற்கணும். சாதத்துக்கு விரல். புளியோதரைக்கு உதிரி உதிரியா வடிக்கணும், பொங்கலுக்குக் குழையணும். குழையறது வேற, மசியறது வேற. மசிஞ்சா பருக்கை தெரியாது. பொங்கலில் பருக்கை தெரியணும், ஆனா விரலில் நிற்கக் கூடாது.

வேலைகளின் பேரிலிருந்தே பண்டத்தின் பேர் வந்ததைக் கவனிச்சிருக்கீங்களா? பொங்குவதால் பொங்கல். அவிப்பதால் அவியல், பொரிப்பதால் பொரியல், துவைச்சு எடுத்தா துவையல். நீர் சுண்டும்வரை வேக வைப்பதால் சுண்டல்; நவராத்திரியில் தண்ணி நிற்கிற சுண்டல் கொடுத்தா அது சுண்டலே இல்லைன்னு நான் சொல்வேன். பேரே செய்முறை. மலாயில் 'தூமிஸ்' என்பதை நம்ம பசங்க தாளிக்கிறதுக்கும் வதக்குறதுக்கும் சேர்த்தே சொல்றாங்க. ரெண்டும் வேற. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்க விட்டு, அந்த வாசனையைப் பண்டத்தின் மேல் கொட்டுறது தாளிப்பு. காயைக் கொஞ்ச எண்ணெயில் நீர் விடாமல் துவளப் புரட்டுறது வதக்கல். கிண்டுறது கேசரிக்கு, கை நிறுத்தாமல். கிளறுறது சாதத்துக்கு, அடியிலிருந்து மேலாக, பருக்கை உடையாமல். இதை மாத்திச் செஞ்சா என்ன ஆகும்னு போன சித்ரா பௌர்ணமி அன்னதானத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

அளவுக்கும் ஒரு வார்த்தை. தாத்தாவோட பழைய நோட்டில் "அரிசி 2 கந்தாங், வெல்லம் 12 காத்தி"ன்னு இருக்கு. காத்தி ஏறக்குறைய 600 கிராம். கந்தாங் நாலு சுப்பா, ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர் அளவு. இது நம்ம அப்பா, தாத்தா காலத்துக் கடை அளவு. அதற்கு முன்னாடி தமிழில் இருந்தது ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி. ஒன்றுக்கொன்று இரட்டிப்பு. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகர் என்று பேர் வந்தது சதுர்த்தி அன்று மூன்று குறுணி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை செய்வதால்தான். அந்த ஊர்க் கணக்கில் அது 18 படி. நம்ம விநாயகருக்கு நாம இத்தனை வருஷமா 108 சின்னக் கொழுக்கட்டைதான். பெரிசு ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்னு ஆசை இருக்கு, வேக வைக்க அண்டாதான் இல்லை.

நம்ம மடைப்பள்ளியில் மிளகாயை அதிகம் சேர்க்காமல் மிளகே போடுறதுக்கும் காரணம் கேட்கிறாங்க. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பொருள், போர்ச்சுகீசியர் வழியாத்தான் நம்ம பக்கம் வந்தது. வந்தவனுக்கு நம்ம ஆளுங்க புதுப் பேர் யோசிக்கலை. மிளகு மாதிரி உறைக்குது, காயா இருக்கு: மிளகாய். மலாய்க்காரங்களும் இதையேதான் செஞ்சாங்க. லாடா என்றால் மிளகு, சில மாநிலங்களில் மிளகாய்க்கும் லாடாதான். உருளைக்கிழங்கும் அப்படிப் பின்னால் வந்ததுதான், அதனால் பழைய கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இவை ஏறுவதில்லை. வாழைக்காய், பூசணி, சேனை, அவரை, கத்தரி. இதுதான் பழைய கணக்கு.

கொடுத்தும் இருக்கோம். மலாயில் கஞ்சி என்பது நம்ம கஞ்சி. அப்பம் அங்கே ஆப்பாம், புட்டு அங்கே பூத்து. மதுரையில் வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளா வந்து, உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படி பட்டாரே, அந்தப் பிட்டுதான் இன்றைக்கு பசார் மாலமில் ஆவி பறக்க விற்கிற பூத்து பீரிங் வரைக்கும் போயிருக்கு. மாங்காய் மங்கா ஆச்சு. முருங்கை மெருங்கை ஆச்சு. தம்பி மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் முன்னாடியே தெரியும், மலாய் வழியா. நாமதான் அதைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுக்கணும்.

எந்தச் சொல் சரி, எது தப்பு என்று சண்டைக்கு நான் வரலை. நம்ம மடைப்பள்ளியிலேயே யாழ்ப்பாணத்து வழியில் வந்த ஒரு ஆன்ட்டி இருக்காங்க. பொங்கலைப் புக்கைம்பாங்க, காய்ந்த மிளகாயைச் செத்தல்ம்பாங்க, கரண்டியை எடுக்கச் சொல்ல "அகப்பை எங்கே?"ம்பாங்க. தஞ்சாவூர் வழிக்காரர் தோசை வார்ப்பார், நாங்க தோசை சுடுவோம். எல்லாம் ஒரே கல்லில்தான் வேகுது. ஆனா ஒருத்தர் சொல்றது மற்றவருக்குப் புரியணும், அதுவும் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது.

அதனால் ஒரு காரியம் ஆரம்பிச்சிருக்கோம். மடைப்பள்ளிக் கதவின் உட்புறம் ஒரு பெரிய அட்டை ஒட்டியாச்சு. ஒரு பக்கம் சொல், பக்கத்தில் செய்முறை, தமிழ் படிக்கச் சிரமப்படுறவங்களுக்குப் படம். சீனி மூட்டையில் சீனின்னும் வெல்லப் பெட்டியில் "சக்கரை, வெல்லம்"னும் எழுதியாச்சு. இதுவரை 63 சொல் சேர்ந்திருக்கு. நாயன்மார் கணக்கு, தற்செயலா வந்தது. உங்க அம்மா, பாட்டி, மாமியார் சொல்ற சமையல் சொல் எதுவானாலும் இதற்குக் கீழே எழுதுங்க, எந்த ஊர் வழக்குன்னும் சேர்த்து எழுதுங்க. எஸ்டேட்டில் கூழ் வார்த்தவங்க யாராவது இருந்தா அந்தச் சொற்கள் எங்களுக்கு ரொம்பக் குறைவு. கூழைத் துழாவுற கட்டைக்கு உங்க பக்கம் என்ன பேர்?

வரிசையில் அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்ட அம்மாவிடம் பேசினேன். அவங்களுக்கும் மனசு கஷ்டமாப் போச்சு. வர்ற வெள்ளிக்கிழமை அவங்களே மடைப்பள்ளிக்கு வர்றாங்க, தேங்காய் துருவ.

தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். உன் அம்மா இந்தக் குரூப்பில் இருக்காங்க. தாத்தா முட்டி சரியாகி நாலு மணிக்கே வந்துடுவார். உன்னைத்தான் கேட்டார், "அந்தப் பையன் கிளறுற கை நல்ல கை"ன்னு. வெல்லம் நானே வாங்கி வச்சிட்டேன். தட்டுறதுக்குக் கல் மேல் அலமாரியில் இருக்கு.